எடைமேடையின் அடி ஃபிளாஞ்சில் மூன்றாவது முறையாக விரிசல்: பற்றவைப்பு போதவில்லையா, கூடிவிட்டதா?

கேள்வி: வாலாஜா எடைமேடை

அனைவருக்கும் வணக்கம். வாலாஜாபேட்டைக்கு அருகே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, 60 டன் கொள்ளளவுள்ள எடைமேடை ஒன்றை எங்கள் குடும்பம் 2012 முதல் நடத்தி வருகிறது. மேடை 16 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது. மூன்று தனித்தனிப் பகுதிகளாகச் செய்து கொண்டுவந்து, குழிக்குள் 8 லோடு செல்களின் (எடையை அளக்கும் உணரிகளின்) மேல் அமர்த்தி, போல்ட்டால் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். நீளவாக்கில் ஓடும் கர்டர்கள் ஐஎஸ்எம்பி 450 வகை, அதாவது 450 மில்லிமீட்டர் உயரமுள்ள 'ஐ' வடிவ உருக்கு உத்திரங்கள்; அவற்றின் மேலும் கீழும் உள்ள அகலப் பட்டைகள் ஃபிளாஞ்ச், நடுவே நிற்கும் தகடு வெப். ஒரு நாளைக்குச் சராசரியாக 120 லாரிகள் ஏறி இறங்குகின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழிக்குள் பெயின்ட் அடித்தவர், நடுப்பகுதிக் கர்டர் ஒன்றின் அடி ஃபிளாஞ்சில் மயிரிழை போன்ற ஒரு விரிசலைக் காட்டினார். உள்ளூரில் நல்ல கைப்பழக்கம் உடைய ஒருவரை அழைத்து, அந்த இடத்தை கிரைண்டரால் லேசாகத் தேய்த்து, 6013 ராடு (சாதாரணப் பற்றவைப்புக் குச்சி) கொண்டு பற்றவைத்தோம். ஏழு மாதங்களில் அந்தப் பற்றவைப்பு முடியும் இடத்திலிருந்து புதிய விரிசல் கிளம்பியது. இரண்டாம் முறை 300 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகட்டை அடியில் வைத்து, நான்கு பக்கமும் சுற்றிப் பற்றவைத்தோம். நான்கு மாதங்களில் தகட்டின் முனையை ஒட்டி விரிந்தது. மூன்றாம் முறை 450 மில்லிமீட்டர் நீளத்தில் 16 மில்லிமீட்டர் தகடு, இன்னும் தடித்த பற்றவைப்பு. அன்று மாலையே லாரிகளை விட்டோம். மறுநாள் விடியற்காலை, மேடையில் வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், குழிக்குள் 'டக்' என்று ஓசை கேட்டதாக இரவுக் காவலர் சொன்னார். அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. பதினோராம் நாள் பார்த்தபோது ஃபிளாஞ்சின் ஓரத்திலிருந்து 60 மில்லிமீட்டர் உள்நோக்கி விரிசல் ஓடியிருந்தது. மூன்றாவது பழுதுபார்ப்புக்குப் பிறகு மேடையின் ஒரு மூலை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் எழும்பிவிட்டது. அந்த மூலையின் அளவீடும் மற்ற மூலைகளோடு ஒத்துப்போகவில்லை.

பற்றவைத்தவர், தகட்டை இன்னும் கனமாகப் போட வேண்டும் என்கிறார். சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரோ, உள்ளே 'ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்' தங்கிவிட்டது, கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி மணலைக் கொட்டி ஆறவிட்டால் அது போய்விடும் என்கிறார். பத்து ஆண்டுகள் ஐம்பது டன்னைத் தாங்கிய கர்டர், நாலு ராடு வைத்ததும் தாங்காமல் போவது எப்படி என்பது என் தந்தையின் கேள்வி. எனக்கும் அதுவே கேள்வியாக இருக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆய்வாளர், இராணிப்பேட்டை

ஐயா, கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பற்றவைப்பு ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: இந்தப் பதில்களை எல்லாம் படித்து முடிக்கும் வரை காத்திராமல், இன்றே மேடையை மூடிவிடுங்கள். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபிளாஞ்சில் 60 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்றால் அது கவனிப்பில் வைத்து ஓட்டக்கூடிய நிலை அல்ல.

உங்கள் நண்பர் நோயைச் சரியாகச் சொல்லி, மருந்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறார். அந்த 'ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்', தமிழில் எஞ்சிய தகைவு, என்பது என்ன என்று புரிந்துகொள்ள, நம் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றியதை நினைத்துப் பாருங்கள். பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே அடித்து, வரட்டி அடுக்கிய தீயில் பழுக்கவைத்து, விரிந்த நிலையில் மரத்தின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கப் பார்க்கும், மரம் விடாது. கடைசியில் பட்டை இழுவிசையிலும் மரம் அமுக்கவிசையிலும் நிலைத்து நிற்கும். வண்டியில் ஒரு மூட்டை நெல்கூட ஏற்றாதபோதும் அந்த இழுப்பு பட்டைக்குள் இருந்துகொண்டே இருக்கும். பற்றவைப்பில் பட்டையின் இடத்தில் இருப்பது உருகி உறைந்த உலோகம். மரத்தின் இடத்தில் இருப்பது அதைச் சூழ்ந்த குளிர்ந்த கர்டர்.

இப்போது கணக்குக்கு வருவோம். உருக்கு ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சிக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு சுருங்கும். இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டால், வெறும் 100 டிகிரி குளிர்ந்ததற்கே அதனுள் ஏறத்தாழ 240 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு உண்டாகிவிடும். உங்கள் கர்டர் ஐஎஸ் 2062 என்ற இந்தியத் தரநூலின்படி இ250 தரமாக இருக்கும் என்று கொண்டால், அதன் ஈல்டு வலிமை, அதாவது உருக்கு மீளாமல் இழுபட்டுவிடும் எல்லை, 250 மெகாபாஸ்கல்தான். பற்றவைத்த உலோகமோ 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலிருந்து இறங்கி வருகிறது. ஆகவே பற்றவைப்பும் அதை ஒட்டிய பகுதியும் ஆறி முடிக்கும்போது, லாரி ஏறுவதற்கு முன்பே, ஈல்டு எல்லையை நெருங்கிய இழுவிசையோடு நிற்பது விதிவிலக்கல்ல, வழக்கமான நிலையே.

புதிதாகப் பட்டறையில் செய்யும்போதும் இது உண்டு. ஆனால் பட்டறையில் துண்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. சுருங்கும்போது ஓரளவு நகர்ந்து இடங்கொடுக்கின்றன. கட்டி முடித்து, போல்ட் இறுக்கி, குழிக்குள் அமர்ந்துவிட்ட கட்டமைப்பில் சிறிய இடத்தை மட்டும் தோண்டிப் பற்றவைத்தால், நான்கு பக்கமும் குளிர்ந்த உலோகம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நீண்ட பழுதுபார்ப்பைவிடக் குறுகிய பழுதுபார்ப்பில் குறுக்குவாட்டத் தகைவு அதிகமாக இருக்கிறது. இதைக் கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். உங்கள் விரிசல் கர்டருக்குக் குறுக்கே ஓடுகிறது. எனவே அதை நிரப்பிய பற்றவைப்பு சுருங்கி இழுக்கும் திசையும், லாரி ஏறும்போது அடி ஃபிளாஞ்ச் இழுபடும் திசையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. தகட்டை நான்கு பக்கமும் சுற்றிப் பற்றவைத்தது இன்னொரு பிழை: குறுக்குவாட்டில் போட்ட பற்றவைப்பின் ஓரம், சுமை திடீரென்று தகட்டுக்குள் தாவும் இடமாகிறது. தகடு எவ்வளவு கனமோ அந்தத் தாவல் அவ்வளவு கூர்மை.

விடியற்காலை ஓசையைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் ஹைட்ரஜன் விரிசல். 6013 ராட்டின் பூச்சிலும் குழியின் ஈரத்திலும் இருந்து வந்த ஹைட்ரஜன், தடித்த குளிர்ந்த உலோகத்துக்குப் பக்கத்தில் விரைந்து ஆறியதால் கடினமான விளிம்பு, அதன்மேல் ஈல்டை நெருங்கிய இழுப்பு. இந்த மூன்றும் கூடினால் பற்றவைத்துப் பல மணி நேரம் கழித்து, ஆறிய பிறகுதான் வெடிக்கும். பற்றவைத்த மறுநிமிடம் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் பொருளில்லை; 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பது இதற்காகவே.

டார்ச்சால் சிவக்கச் சூடாக்குவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஓரிடத்தை மட்டும் சூடாக்கி ஆறவிடுவது என்பதே புதிய இழுவிசையை உண்டாக்கும் வழி. வளைந்த தகட்டை நெருப்பால் நிமிர்த்துகிறவர்கள் அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் செய்கிறார்கள். முறையான தகைவு தணிப்பு என்பது, கொதிகலன் மற்றும் அழுத்தக் கலன் விதிகளில் சாதாரணக் கார்பன் உருக்குக்குச் சொல்லப்படுவது போல, ஏறத்தாழ 600 டிகிரிக்குப் பகுதி முழுவதையும் சீராக ஏற்றி, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்திருந்து, ஏற்றத்தையும் இறக்கத்தையும் மெதுவாக நடத்துவது. அதற்கு உலையோ மின் சூடேற்றித் தகடுகளோ வெப்பப் பதிவுக் கருவியோ வேண்டும். மணல் போதாது. உங்கள் கர்டரின் கனத்துக்கு அது தேவையுமில்லை.

மருந்து சொல்வதற்கு முன் எனக்கு ஒரு விவரம் தேவை. முதன்முதலில், 2012-இல் வந்த நிலையிலேயே, விரிசல் தொடங்கிய புள்ளியில் என்ன இருந்தது? வெறும் ஃபிளாஞ்சில் காரணமில்லாமல் விரிசல் வராது.

பதில் 2: ஆற்காடு பற்றவைப்பாளர்

வணக்கம். ஆய்வாளர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையில் ஹோல்டர் பிடிப்பவன் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இதுபோன்ற வேலைக்கு அழைக்கும்போது உரிமையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'சாயந்திரம் வண்டி விடலாமா?' என்பதுதான். 7018 ராடு (ஹைட்ரஜன் குறைந்த பூச்சுள்ள வகை) கேட்டால் கடையில் திறந்து கிடந்த பொட்டலம் வருகிறது. அதை 260 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரிக்கு மேல் சூடான பெட்டியில் வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று சொன்னால், 'வேலூர் வெயிலில் ராடு தானே காய்ந்துவிடுமே' என்று சிரிப்பார்கள். சித்திரை வெயில் 42 டிகிரி இருக்கலாம். பூச்சுக்குள் பிடித்த ஈரம் அதற்கு அசையாது.

குழிக்குள் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் 8 கேஜ் ராடு பிடித்து, கண்ணில் கசடு விழ வைத்த பற்றவைப்பிலிருந்து என்ன தரத்தை எதிர்பார்க்க முடியும்? அந்த அண்ணன் கைப்பழக்கம் உள்ளவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவரை மாற்றுவதைவிட அவர் படுத்திருந்த நிலையை மாற்றுங்கள். மேடை மூன்று பகுதிகளாக போல்ட்டில் நிற்கிறது என்றால், நடுப்பகுதியைக் கிரேன் வைத்துத் தூக்கி வெளியே எடுத்துக் குப்புறத் திருப்பிப் போட்டால், அடி ஃபிளாஞ்ச் மேலே வந்துவிடும். உட்கார்ந்து கீழ்நோக்கிப் பற்றவைக்கலாம். இரு பக்கமும் போல்ட் கழன்றிருப்பதால் சுருங்குவதற்கும் இடம் கிடைக்கும். அரை நாள் கிரேன் வாடகைதான் செலவு. மூன்று முறை வீணாகச் செய்த செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வியாளர் மீண்டும்: வாலாஜா எடைமேடை

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலையே மேடையை மூடிவிட்டு, இரு பக்கமும் கல் வைத்து, பலகை மாட்டிவிட்டோம். ஆய்வாளர் ஐயா கேட்ட கேள்விக்காக இன்று காலை மின்கைவிளக்கோடு குழிக்குள் இறங்கி, பழைய தகட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் பார்த்தேன்.

விரிசல் முதலில் தொடங்கிய இடத்தில், ஃபிளாஞ்சின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு வெட்டியெடுக்கப்பட்ட ஒரு ஆங்கிள் துண்டின் அடித்தடம் இருக்கிறது. லோடு செல் கேபிள் செல்லும் குழாயைத் தாங்குவதற்காக, மேடையை அமைத்த நேரத்தில் அந்த இடத்திலேயே பற்றவைத்த தாங்கி அது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. முதல் பழுதுபார்ப்பின்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை வெட்டி எறிந்தோம். அதே கர்டரிலும் எதிர்க் கர்டரிலும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், இன்னும் ஒன்பது தாங்கிகள் இருக்கின்றன. ஒரு கேபிள் குழாயின் எடை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அந்தச் சிறு துண்டா 60 டன் மேடையை விரியவைத்தது?

பதில் 3: காட்பாடி ஆசிரியர்

ஆம், அந்தச் சிறு துண்டுதான். துண்டு எவ்வளவு எடையைத் தாங்கியது என்பது இங்கே பொருட்டே அல்ல. அதை எங்கே பற்றவைத்தார்கள் என்பதே பொருட்டு. நான் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறவன். ஆய்வாளர் ஐயா எஞ்சிய தகைவை விளக்கிய விதம் எனக்கே வகுப்பில் பயன்படும். ஆனால் அதை மட்டுமே குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் தந்தையின் கேள்வி மிகச் சரியானது. அதற்குப் பதில் சொல்லாமல் மற்றதைப் பேசக் கூடாது. எஞ்சிய தகைவு ஏற்கெனவே ஈல்டை எட்டியிருக்க, அதன்மேல் லாரியின் தகைவும் ஏறினால், கர்டர் உடனே முறியவில்லையே ஏன்? சாதாரண மென் உருக்கு இழுபடக்கூடியது. அந்தச் சிறு பகுதி கொஞ்சம் இழுபட்டு, சுமையைப் பக்கத்து உலோகத்துக்குக் கொடுத்துவிட்டு, தன் தகைவைத் தானே சற்றுத் தளர்த்திக்கொள்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை ஐம்பது டன் ஏற்றுவதற்கான வலிமையில் பெரிய இழப்பு இல்லை. இழப்பெல்லாம் ஐம்பது டன்னை ஓர் இலட்சம் முறை ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது. உங்கள் மேடை ஆண்டுக்கு 300 நாள் இயங்குகிறது என்று வைத்தால், 36,000 முறை சுமை ஏறி இறங்குகிறது. இதுதான் களைப்பு, அதாவது ஃபடீக்.

பற்றவைக்காத உலோகத்தில், சுமை அதை அமுக்கத்திலிருந்து இழுவைக்குக் கொண்டுபோகிறதா, முழுவதும் இழுவையிலேயே வைத்திருக்கிறதா என்பது களைப்பு ஆயுளைப் பெரிதும் மாற்றும். பற்றவைத்த இடத்தில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஏனெனில் எஞ்சிய தகைவு அந்த இடத்தை எப்போதும் இழுவையின் உச்சியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. விரிசல் மூடிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. இதனால்தான் இந்திய உருக்குக் கட்டமைப்பு விதிநூலான ஐஎஸ் 800:2007 உட்பட இன்றைய விதிநூல்கள் பற்றவைப்புகளின் களைப்பைக் கணக்கிடும்போது உச்சத் தகைவை விட்டுவிட்டு, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலுள்ள தகைவு வீச்சை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய தகைவு கணக்கில் இல்லை என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது உச்ச அளவில் இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி அது.

இப்போது தாங்கிக்கு வருவோம். ஐரோப்பியத் தரமான யூரோகோட் 3 வகைப்பாட்டில், உருட்டிச் செய்த வெறும் கர்டருக்குக் களைப்பு வகை எண் 160 (எண் கூடினால் களைப்பைத் தாங்கும் திறனும் கூடும்). அதே கர்டரின் ஃபிளாஞ்ச் ஓரத்தில், வளைவு எதுவும் கொடுக்காமல் ஒரு துண்டைப் பற்றவைத்தால் அந்த எண் 40-க்கு இறங்கிவிடுகிறது. ஆயுள் தகைவு வீச்சின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்மாறாகச் செல்வதால், எண் நான்கில் ஒன்றானால் அதே சுமையில் ஆயுள் அறுபத்து நான்கில் ஒன்றாகிறது. கேபிள் குழாய்க்காக ஒரு ராட்டின் பாதியைச் செலவழித்தவர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வடகடலில் 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விசாரணையில், ஒரு தாங்குகுழாயில் ஒலியுணரி ஒன்றைப் பொருத்துவதற்காக வைத்த 6 மில்லிமீட்டர் ஃபில்லட் (இரு பரப்புகள் சேரும் மூலையில் வைக்கும்) பற்றவைப்பிலிருந்து களைப்பு விரிசல் தொடங்கியது தெரியவந்தது. அந்த ஒலியுணரியும் எடையில் ஒன்றுமில்லாததுதான்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். 2018-இல் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. இது 14 விழுக்காடு ஏற்றம். மூன்றாம் அடுக்கில் பார்த்தால் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. மேடையின் பெயர்ப்பலகையில் உள்ள 60 டன்னுக்கு உட்பட்டதுதான் என்றாலும், களைப்பு பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை.

ஆகவே வரிசை இதுதான்: தாங்கி விரிசலைத் தொடங்கிவைத்தது, பழுதுபார்ப்புகள் எஞ்சிய தகைவாலும் தகட்டு முனைகளாலும் அதை விரைவுபடுத்தின. என் யோசனை, அந்த இடத்தில் இனிப் பற்றவைப்பே வேண்டாம் என்பது. ஃபிளாஞ்சின் மேலும் கீழும் தகடு கொடுத்து, 8.8 தர உயர்வலிமை போல்ட்டுகளை உரிய இறுக்கத்துக்கு இறுக்கி உராய்வுப் பிடிப்பாக இணைத்தால், சுருக்கமும் இல்லை, எஞ்சிய இழுவையும் இல்லை. இருபுறத் தகடு இணைப்பின் களைப்பு எண்ணும் 112.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆய்வாளர், இராணிப்பேட்டை

ஆசிரியர் ஐயாவின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்; தாங்கி முதல் காரணம், எங்கள் தொழில் இரண்டாம் காரணம். போல்ட் யோசனையும் நல்லதே. திருவலம் இரும்புப் பாலம் போன்ற பழைய ரிவிட் கட்டமைப்புகளில், அந்தக் காலத்து இரும்பின் வேதியியல் தெரியாத நிலையில், நானும் போல்ட்டையே சொல்வேன். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போல்ட் தகடு விரிசலைத் தாண்டிச் சுமையைக் கொண்டுபோகும். விரிசலையும், மூன்று முறை வெந்து கெட்ட உலோகத்தையும் அப்படியே உள்ளே விட்டுவிடும். தகடுகளை அகற்றினால் அடியில் நீங்கள் பார்த்த 60 மில்லிமீட்டரைவிட நீண்ட விரிசல் இருக்கக்கூடும் என்பது என் அனுபவம். மட்டமாகத் தேய்த்து முழுமையாகச் சோதித்த பட் பற்றவைப்பும் (இரு முனைகளை நேருக்கு நேர் சேர்ப்பது) அதே 112 எண்ணைப் பெறும் என்பதை ஆசிரியர் ஐயா மறுக்கமாட்டார்.

எனவே நான் சொல்வது, நான்காவது முறை அதே காயத்தின் மேல் வைக்காமல், கெட்ட பகுதியையே வெட்டி எடுப்பது. ஆற்காட்டு நண்பர் சொன்னபடி நடுப்பகுதியை வெளியே எடுத்துக் குப்புறப் போட்டு, முழு நீளத்துக்கும் கட்டை கொடுத்து மட்டம் பாருங்கள். பழைய தகடுகளையும் அவற்றின் பற்றவைப்பையும் அகற்றி, சாயச் சோதனையில் (விரிசலுக்குள் புகுந்த சாயம் கோடாகத் தெரியும் சோதனை) விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு இரு புறமும் நல்ல உலோகம் கிடைக்கும் வரை, அநேகமாக 700 மில்லிமீட்டர் நீளத்துக்கு, அடி ஃபிளாஞ்சை வெப்பிலிருந்து பிரித்து வெட்டியெடுங்கள். அந்த இடத்தில் 18 மில்லிமீட்டர் இ250 தகட்டில் வெட்டிய புதிய துண்டு. இரண்டு இணைப்புகளும் வரும் இடத்தில் வெப்பில் அரைவட்டத் துளை கொடுத்து அதன் விளிம்பை வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் பட் பற்றவைப்பு வெப்புக்கு அடியில் முழுமையடையாது.

பற்றவைக்கும் வரிசையில்தான் எஞ்சிய தகைவின் பாதி முடிவாகிவிடுகிறது. புதிய துண்டை வெப்போடு முதலில் ஒட்டிவிட்டால், பிறகு இரண்டு முனைகளும் அசைய இடமில்லாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். முதலில் ஒரு முனையின் பட் பற்றவைப்பை முழுவதும் முடித்து ஆறவிடுங்கள். மறுமுனை தளர்வாக நின்று அந்தச் சுருக்கத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு இரண்டாவது முனை. அது முடிந்த பிறகே வெப்போடு சேரும் ஃபில்லட், அதையும் நடுவிலிருந்து இரு புறமும் மாறி மாறி. இரண்டாவது முனை எப்படியும் இறுக்கத்தில்தான் பற்றவைக்கப்படும். அதை முழுவதும் தவிர்க்க வழியில்லை. அங்கே 100 டிகிரி முன்சூடு கொடுத்து, இடையில் ஆறவிடாமல் ஒரே மூச்சில் முடியுங்கள். இடை அடுக்குகளை உருண்டை முனையுள்ள கருவியால் அடித்து விரிப்பதில் சற்றுப் பயன் உண்டு. முதல் அடுக்கையும் கடைசி அடுக்கையும் அடிக்கக் கூடாது. கசடு தட்டும் கூர்முனைச் சுத்தியல் அதற்கான கருவி அல்ல.

தொடக்கத்திலும் முடிவிலும் ஃபிளாஞ்சுக்கு வெளியே சிறு துண்டு வைத்து, ராடு தொடங்குவதையும் நிற்பதையும் அவற்றின் மேல் வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை வெட்டித் தேய்த்துவிடுங்கள். கடைசித் தேய்ப்புக் கோடுகள் கர்டரின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடிய கிரைண்டர் கீறல் ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் விதை. 48 மணி நேரம் கழித்துப் புறவொலி (அல்ட்ராசானிக்) சோதனையும் சாயச் சோதனையும் செய்யாமல் லாரி விடாதீர்கள்.

பதில் 5: காட்பாடி ஆசிரியர்

வெட்டி எடுத்துப் புதிதாக வைப்பதாக இருந்தால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். நான் அஞ்சியது நான்காவது முறை ஒட்டுப் போடுவதற்குத்தான். ஆனால் புறவொலிச் சோதனை இல்லையென்றால் 112 என்ற எண்ணும் இல்லை; அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூலை 4 மில்லிமீட்டர் எழும்பியதும் இதே கதைதான்: அடியில் தடித்த பற்றவைப்பு சுருங்கி ஃபிளாஞ்சை இழுக்க, கர்டர் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த வளைவு அது; தெரியாத மிச்சம் தகைவாக உள்ளே நிற்கிறது. தகட்டை அகற்றும்போது மூலை ஓரளவு தானே இறங்கும். அதனால் அகற்றுவதற்கு முன் சிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து மட்டப்படுத்த முயலாதீர்கள்.

மற்ற ஒன்பது தாங்கிகளையும் மறந்துவிடாதீர்கள். எனக்கு இந்த ஒரு கர்டரைவிட அவற்றைப் பற்றித்தான் கவலை.

கேள்வியாளர் மீண்டும்: வாலாஜா எடைமேடை

ஞாயிற்றுக்கிழமை, சாயச் சோதனைத் தெளிப்பான்களை வாங்கி வந்து, ஆய்வாளர் ஐயா தனிச்செய்தியில் சொன்னபடி பெயின்ட்டை நீக்கித் துடைத்து, ஒன்பது தாங்கிகளையும் சோதித்தோம். ஏழில் ஒன்றும் இல்லை. எதிர்க் கர்டரில் இரண்டில், பற்றவைப்பின் ஓரத்தில், வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புக் கோடு எழுந்தது. ஒன்று 8 மில்லிமீட்டர், மற்றது 5 மில்லிமீட்டர். என் தந்தை நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற இரு பகுதிகளையும் சேர்த்தே தூக்கிவிடச் சொன்னார்.

வியாழக்கிழமை கிரேன் வருகிறது. இந்தச் சிறு விரிசல்களையும் வெட்டிப் புதிய துண்டு வைக்க வேண்டுமா, தேய்த்தால் போதுமா? கேபிள் குழாயை இனிக் குழிச் சுவரில் கான்கிரீட் போல்ட்டில் தொங்கவிடப் போகிறோம்.

பதில் 6: ஓய்வுபெற்ற ஆய்வாளர், இராணிப்பேட்டை

தாங்கியை வெட்டி, ஓரத்தை நீண்ட மென்வளைவாகத் தேய்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சாயம் தெளித்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கோடு மறைந்துவிட்டால், 150 மில்லிமீட்டரில் அந்த அளவு குறைவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதை நிரப்பிப் பற்றவைக்கவே கூடாது. தேய்த்த பள்ளம் அசிங்கமாகத் தெரிகிறது என்று யாராவது ராடு வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் கோடு நீடித்தால் அந்த இடத்துக்கும் புதிய துண்டுதான். மற்ற ஏழு தாங்கிகளையும் இதே முறையில் தேய்த்து நீக்குங்கள்.

பதில் 7: ஆற்காடு பற்றவைப்பாளர்

ஒரே ஒரு குறிப்பு. பகுதிகளைத் தூக்குவதற்கு முன் லோடு செல்களின் கேபிள்களைக் கழற்றி, செல்களையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முந்தைய மூன்று முறையும் செல்கள் இடத்திலேயே இருந்தன, எர்த் கிளாம்ப் மேடையின் மறுகோடியில் மாட்டப்பட்டது என்றால், பற்றவைப்பு மின்னோட்டம் செல் வழியாகப் போயிருக்கலாம். அளவீடு ஒத்துப்போகாததற்கு எழும்பிய மூலை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த முறை எர்த்தைப் பற்றவைக்கும் துண்டுக்கு ஒரு சாண் தூரத்திலேயே மாட்டுங்கள்.

கேள்வியாளர்: வாலாஜா எடைமேடை

எர்த் மறுகோடியில்தான் இருந்தது. எட்டு செல்களையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்ததும் சட்டமுறை எடையளவு முத்திரை புதிதாகப் பெற வேண்டியிருப்பதால், எப்படியும் மூன்று வாரங்கள் மேடை மூடியே இருக்கும். ராடு சுடுவதற்கும் 48 மணி நேரம் காத்திருப்பதற்கும் இனி யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. முதல் மூன்று முறையும் பற்றவைத்த அண்ணனையே அழைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்தை அவரும் முழுவதும் படித்துவிட்டார். வெப்பில் கொடுக்கும் அரைவட்டத் துளையின் ஆரம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.

பதில் 8: ஓய்வுபெற்ற ஆய்வாளர், இராணிப்பேட்டை

35 மில்லிமீட்டர் ஆரம் கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வியாழக்கிழமை நானும் வருகிறேன்.